கிரஸ்ட் நிலையில் ஒரு பேரரசு

தோல் தொழிலில் ஒரு நல்ல விதி உண்டு. பச்சைத் தோல் கெட்டுப்போகும். அதை ஊறவைத்து, முடி நீக்கி, குரோம் ஏற்றி, காயவைத்து, கிரஸ்ட் என்கிற நடு நிலைக்குக் கொண்டுவந்துவிட்டால் அப்புறம் கெடாது. அடுக்கி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். தோல் வாங்குகிற வெளிநாட்டு பையர் வந்து இந்த நிறம், இந்தப் பளபளப்பு என்று ஒரு துண்டைக் காட்டிய பிறகுதான் ஃபினிஷிங்கில் கை வைக்க வேண்டும். அவர் கேட்பதற்கு முன்பே கறுப்பு பூசி வைத்தால் அவர் பழுப்பு கேட்பார். ஆம்பூரில் இது தெரியாமல் யாரும் பெரிய மனிதர் ஆனதில்லை. தெரிந்த பெரிய மனிதர்களில் ஒருவரான முக்தார் அகமது சாஹிப், இரண்டாயிரத்து நான்காம் ஆண்டில், இந்த விதியை விண்வெளிக்குக் கொண்டுபோனார்.

அவருடைய கம்பெனியின் பெயர் வேண்டாம். சொன்னால் பெருமைப்பட்டுக்கொள்வார்கள்.

விண்வெளிக்குப் போனதற்குக் காரணம் சாக்கடை. மாதம் ஒரு தடவை யாராவது ஒரு அதிகாரி வந்து கழிவுநீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போவதும், பின்னாலேயே நோட்டீஸ் வருவதுமாக சாஹிப் வருஷக்கணக்கில் நொந்துபோயிருந்தார். அந்தச் சமயத்தில் இத்தாலியில் ஒரு பையர் வீட்டுக்கு விருந்துக்குப் போனார். பையருடைய பிள்ளைகள் சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் கம்ப்யூட்டர் விளையாட்டில் நட்சத்திரங்களைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கிரகத்தில் குடியேறுவது, கப்பல் கட்டுவது, பக்கத்து நட்சத்திரத்துக்காரனோடு சண்டை போடுவது, கடைசியில் அண்டத்தையே ஆள்வது.

"இத தயார் பண்ண தண்ணி எவ்ளோ செலவாவும்?" என்று சாஹிப் கேட்டார்.

தண்ணீரே வேண்டாம் என்றார்கள்.

"கழிவு?"

ஒன்றும் வராது என்றார்கள். சாஹிப் அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டார். ஊருக்குத் திரும்பியதும் தோல் காயப்போடும் மாடியைக் காலி செய்து, ஏசி போட்டு, கம்ப்யூட்டர்களை இறக்கினார். தோல் வாசனையை மட்டும் காலி செய்ய முடியவில்லை.

அங்கே வேலைக்குச் சேர்ந்தவள்தான் ரெனிட்டா. வேலூர்ப் பெண். பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ். அம்மா பெயர் தேவகிருபை, ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆனவர். ரெனிட்டாவுக்குக் கொடுத்த வேலை, அவர்கள் தயாரிக்கும் 'அண்டப் பேரரசு' என்ற விளையாட்டைத் தினமும் விளையாடி, எங்கே கோளாறு என்று சொல்வது. விளையாடுவதற்குச் சம்பளமா என்று சொந்தக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். சேரும்போது எல்லா கம்பெனியும் செய்வதைப்போல அவளுடைய அசல் சான்றிதழ்களை வாங்கி இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். பாண்டில் கையெழுத்து போடச் சொன்னார்கள். 'விளையாட்டு முடிந்ததும் சான்றிதழ்கள் திருப்பித் தரப்படும்' என்று அதில் இருந்தது. விளையாட்டென்றால் ஒருவர் ஜெயிப்பார், ஒருவர் தோற்பார், எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போவார்கள். ரெனிட்டா யோசிக்காமல் கையெழுத்து போட்டாள்.

ஆரம்பம் அழகாகவே இருந்தது. இருட்டான ஒரு வரைபடம், அதில் ஒரே ஒரு சின்னக் கப்பல். கப்பல் போகிற பக்கமெல்லாம் ஒவ்வொரு நட்சத்திரமாக வெளிச்சம் பெற்றது. பிடித்த கிரகத்துக்குப் பெயர் வைக்கலாம் என்பதால் அவள் தனக்குத் தெரிந்த ஊர்களின் பெயர்களை வைத்தாள். மலைகள் நிறைந்த கிரகம் சோளிங்கர். சந்தை கூடும் கிரகம் வாலாஜாபேட்டை. எல்லாக் கப்பல்களும் வந்து பிரிந்து போகும் குட்டிக் கிரகம் ஜோலார்பேட்டை. அந்த மாதம் சம்பளக் கவரை வாங்க அவளுக்குக் கூச்சமாகவே இருந்தது.

பிறகு அவளை நடு செக்‌ஷனுக்கு மாற்றினார்கள்.

தோல் ஒரே கூரையின் கீழ் முழுதாக வேலையாகி வந்ததாகச் சரித்திரம் இல்லை. எனவே விளையாட்டையும் சாஹிப் மூன்றாகப் பிரித்திருந்தார். தொடக்க செக்‌ஷன், நடு செக்‌ஷன், முடிவு செக்‌ஷன். நடு செக்‌ஷனுக்கு மேனேஜர் ஜெபராஜ், இருபது வருஷம் தோல் பதனிடும் டேனரியில் கிரஸ்ட் செக்‌ஷனைப் பார்த்தவர். கம்ப்யூட்டரைக் கண்டு அவருக்குப் பயம் கிடையாது, அவர் அதைத் தொட்டதே இல்லை. முடிவு செக்‌ஷன் பூட்டியிருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் பிளாஸ்டிக் உறை பிரிக்காத கம்ப்யூட்டர்களும், மேனேஜருக்கு ஒரு சுழல் நாற்காலியும் தெரிந்தன.

புரோகிராம் எழுதும் நவீன்குமாரிடம் ரெனிட்டா கேட்டாள்.

"நவீன், இந்த கேமுக்கு முடிவு எங்க இருக்குது?"

"இன்னும் பண்ணலியே."

"எப்ப பண்ணுவீங்க?"

"பையர் ஆர்டர் குடுத்தப்புறம். அவருக்குச் சோகமா முடியணுமா, ஜெயிச்சு முடியணுமான்னு தெரியாம நாம பண்ணிட்டா? அப்புறம் யாரு வாங்குவான்? பாஷகூட அப்பதான் போடணும்னு சாஹிப் சொல்லிட்டாரு. அதனாலதான் எல்லாம் இப்போதைக்குத் தமிழ்ல இருக்குது."

"பையர் எப்ப ஆர்டர் குடுப்பாரு?"

"முடிவப் பாத்துட்டு."

நவீன்குமார் இதைச் சிரிக்காமல் சொன்னான். அவனுடைய சான்றிதழ்களும் அதே பீரோவில்தான் இருந்தன.

இத்தகைய விளையாட்டுகளில் நடுப்பகுதி என்றாலே பேஜார். ஆடாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆரம்பத்தில் ஒரே ஒரு கிரகம் இருக்கும், ஒரு முடிவெடுத்தால் உலகமே மாறும். நடுவில் கிரகங்கள் ஏராளமாகச் சேர்ந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொன்றும் கையைப் பிடித்து இழுக்கும். உலை கட்டி முடித்துவிட்டோம், அடுத்து என்ன? கப்பல் கட்டி முடித்துவிட்டோம், அடுத்து என்ன? எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்து 'அடுத்த சுற்று' என்று அழுத்தினால் மறுபடியும் முதலிலிருந்து கேட்கும். எதிரியை விட நாம் பலமடங்கு பெரியவர்கள் ஆகிவிட்டோம், ஜெயிக்கப்போவது நாம்தான் என்று நன்றாகத் தெரியும். ஆனால் ஜெயித்து முடிக்கவும் முடியாது. தெரிந்த விடையைப் பக்கம் பக்கமாக எழுதுகிற வேலை அது.

அதிலும் பெரிய தொல்லை சனிக்கிழமை. சனிக்கிழமைதோறும் நவீன்குமார் புது வெர்ஷன் ஏற்றுவான். தொடர் மேம்பாடு என்று அதற்குப் பெயர். பழைய வெர்ஷனில் சேமித்து வைத்த ஆட்டம் புதியதில் திறக்காது. எனவே திங்கட்கிழமை தொடக்க செக்‌ஷனிலிருந்து நடு வரைக்கும் யாரோ ஆடிக் கொடுத்த ஒரு புதுப் பேரரசு ரெனிட்டாவின் மேசைக்கு வரும். கிரகங்களுக்கு மறுபடி பெயர் வைப்பாள். வாரம் முழுக்க ஆள்வாள். சனிக்கிழமை பேரரசு அழியும். எந்த எதிரியும் செய்யாததைக் காலண்டர் செய்தது.

இப்படியே மாதங்கள் போன பிறகு இத்தாலியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அனுப்பிய மாதிரியைப் பார்த்தோம், நடுப்பகுதி மிகவும் இழுக்கிறது என்று ஒரே வரி. ஜெபராஜ் உடனே கூட்டம் போட்டார். முதலில் கண்ணை மூடிச் சின்னதாக ஒரு ஜெபம். பிறகு பேசினார்.

"பையர் 'நடு ஸ்லோ'ன்னு எழுதியிருக்கான். யாரும் மனசு ஒடிய வேணாம். தொடக்கத்தப் பத்தி அவன் ஒண்ணும் சொல்லல. முடிவப் பத்தியும் ஒண்ணும் சொல்லல. நம்ம செக்‌ஷனத்தான் கவனிச்சிருக்கான். இது நமக்குப் பெருமை. ஸ்லோ எதனால வருது? ஆளு சும்மா உக்காந்திருக்கறதால வருது. ஒரு கப்பல் இந்த நட்சத்திரத்துலருந்து அந்த நட்சத்திரத்துக்குப் போவுது. போய்ச் சேர்ற வரைக்கும் ஆடறவன் இன்னா பண்றான்? வேடிக்க பாக்கறான். அவனுக்கு வேல குடுக்கணும். நான் கேக்கறேன், அந்தக் கப்பலுக்கு கேட் பாஸ் உண்டா? கிடையாது. உள்ள இன்னா ஏத்திக்கினு போவுதுன்னு யாருக்குத் தெரியும்? இருபது வருஷமா என் செக்‌ஷன்ல கேட் பாஸ் இல்லாம ஒரு துண்டு தோலு வெளிய போனதில்ல. பல மாசம் தோலே வெளிய போனதில்ல. ஆனா ஒரு நாளாவது திருட்டு உண்டா?"

எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்த சனிக்கிழமை முதல் ஒவ்வொரு சூரிய மண்டலத்தின் வாசலிலும் ஒரு கேட்டும் ஒரு வாட்ச்மேனும் வந்தார்கள். எந்தக் கப்பல் நகர்வதானாலும் பேரரசி, அதாவது ஆடுகிற ரெனிட்டா, பாஸ் எழுத வேண்டும். ஸ்டோர்ஸில் ஒரு முத்திரை, செக்யூரிட்டியில் ஒரு முத்திரை. காலை பத்தரைக்கும் மாலை நான்குக்கும் அண்டம் முழுவதும் டீ. அந்த நேரத்தில் ஒரு எரிகல்கூட நகராது.

பிறகு ஜெபராஜ் தரம் பிரிக்க வந்தார். ரெனிட்டாவின் பின்னால் நின்று, ஒரு கிரகத்தைப் பெரிதாக்கச் சொல்லி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நகத்தால் திரையைச் சுரண்டிப் பார்த்தார்.

"பொத்தல் ஜாஸ்தியா இருக்குதே."

"அது எரிகல் விழுந்த பள்ளம் சார்."

"எது விழுந்தா இன்னாம்மா, பொத்தல் பொத்தல்தான். ஏ செலக்‌ஷன்ல போவாது. லைனிங்குக்குப் போடு."

ஷூவுக்குள் யார் கண்ணுக்கும் தெரியாமல் தைக்கும் மட்டமான தோலுக்குத்தான் லைனிங் என்று பெயர். அன்றிலிருந்து அண்டத்தில் ஏ, பி, சி, லைனிங் என்று நான்கு வகைக் கிரகங்கள் ஆயின. வளையம் உள்ள ஒரு பெரிய கிரகத்தை ஜெபராஜ் வெகுநேரம் பார்த்தார். "சுத்தியும் பிசிறு தொங்குது. ட்ரிம் பண்ணச் சொல்லு" என்றார். நவீன்குமார் வளையத்தை வெட்டி எடுத்தான்.

இத்தாலிக்காரர் மறுபடி எழுதினார். இப்போது இன்னும் மெதுவாகிவிட்டதாம். இந்தத் தடவை சாஹிப்பே கூட்டத்துக்கு வந்தார். கிரகங்களின் உற்பத்தி ஏன் குறைகிறது என்று கேட்டார். ஒரு கிரகத்து மக்கள் வேறு நல்ல கிரகம் கிடைத்தால் கிளம்பிப் போய்விடுகிறார்கள், விளையாட்டின் அமைப்பே அப்படி என்றான் நவீன்குமார்.

சாஹிப் அதிர்ந்துபோனார். "போய்டறாங்களா? பாண்டு வாங்கலயா நீங்க?"

பாண்டு வந்தது. எந்தக் கிரகத்து ஆள் வெளியே போக விரும்பினாலும் இனி பேரரசிக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டும். விண்ணப்பத்துக்குக் கீழே என்ன பொத்தான்கள் வைப்பது என்று நவீன்குமார் ஜெபராஜைக் கேட்டான்.

"விடுவிக்கிறேன்னு ஒண்ணு வையி. முடியாதுன்னு ஒண்ணு வையி" என்றவர் கொஞ்சம் யோசித்தார். "வேணாம்பா. ஒரு மனுஷன் கேட்டு வர்றப்ப முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றது பாவம். அத எடுத்துடு. 'பார்க்கலாம்'னு போடு."

ரெனிட்டா முதல் நாளே வந்த விண்ணப்பங்களை எல்லாம் விடுவித்தாள். நவீன்குமார் பொழுது போகாமல் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் எழுதியிருந்தான். அக்கா கல்யாணம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. வேறு நட்சத்திரத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அவள் ஒவ்வொன்றையும் படித்துப் படித்து விடுவித்தாள். வாலாஜாபேட்டை கிரகம் பாதி காலியானது. மாலையில் உற்பத்தியைக் குறைத்ததற்குப் பேரரசிக்கு மெமோ வந்தது.

"எல்லாரையும் வுட்டுட்டா கிரகத்த யாரும்மா பாத்துப்பாங்க?" என்றார் ஜெபராஜ். அவருக்கு உண்மையிலேயே வருத்தம்.

அந்த வாரம்தான் வீட்டுக்கு அந்தக் கடிதம் வந்தது. ரெனிட்டா கம்பெனியில் சேர்வதற்கு முன்பே எழுதிய ரயில்வே கிளார்க் தேர்வில் தேறியிருந்தாள். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு. அசல் கொண்டுவர வேண்டும், வராதவர்களுக்கு மறு வாய்ப்பு கிடையாது. ஜோலார்பேட்டையில் காலியிடம் இருக்கிறது, அங்கேயே போட வாய்ப்பு அதிகம் என்று சர்ச்சில் ஒரு ரயில்வேக்காரர் சொன்னார். ரெனிட்டா அன்றைக்குத் தூங்கவில்லை. வண்டி என்றால் ஒரு நேரத்துக்கு வரும், ஒரு நேரத்துக்குக் கிளம்பும், போய்ச் சேரும். அப்படி ஒரு இடத்தில் உட்கார்ந்து டிக்கெட் கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

மறுநாள் ஜெபராஜிடம் கடிதத்தைக் காட்டினாள்.

"ரொம்ப சந்தோஷம்மா. ஸ்தோத்திரம். கவர்மென்ட் வேல."

"அசல் சர்டிபிகேட் வேணும் சார். ஒரு நாளைக்குக் குடுத்தாக்கூட போதும்."

"குடுக்காம? கேம் முடிஞ்சா மறு நிமிஷம் உன் கையில."

"கேமுக்கு முடிவே இல்லியே சார்."

ஜெபராஜ் கடிதத்தை மடித்து அவளிடமே கொடுத்தார். "பாக்கலாம்மா" என்றார்.

ரெனிட்டா யோசித்துப் பார்த்தாள். ஜெயித்து முடிக்க வழியில்லை. ஆனால் தோற்றாலும் விளையாட்டு முடிந்ததுதானே? திங்கட்கிழமை எல்லைக் காவலையெல்லாம் கலைத்தாள். பீரங்கிகளைக் கழற்றிப் போட்டாள். தலைநகரத்தைத் திறந்து வைத்துவிட்டு எதிரிக்காகக் காத்திருந்தாள். எதிரியும் பெரிய படையோடு வந்தான். வந்தவன் சூரிய மண்டலத்தின் வாசலில் நின்றான். அவனிடம் கேட் பாஸ் இல்லை.

ரெனிட்டா அவனுக்கு பாஸ் எழுதினாள். ஸ்டோர்ஸ் முத்திரை போட்டாள், செக்யூரிட்டி முத்திரை போட்டாள். எதிரி அசைந்து முன்னே வரும்போது டீ நேரம். டீ முடிந்ததும் அவன் கப்பல்களைத் தரம் பிரிக்க அனுப்பியது கம்ப்யூட்டர். பாதிக்கு மேல் பி செலக்‌ஷன் என்று திருப்பி அனுப்பப்பட்டன. மிஞ்சிய இரண்டு கப்பல்கள் எப்படியோ தலைநகரத்தைப் பிடித்தன. ரெனிட்டா சந்தோஷத்தில் எழுந்தே நின்றுவிட்டாள். திரையில் 'அடுத்த சுற்று' என்று வந்தது.

"தோத்துட்டேன் நவீன்! தலைநகரமே போய்டிச்சு! ஏன் முடியல?"

நவீன்குமார் தலையைச் சொறிந்தான். "நஷ்டம்னு ஒரு ஸ்க்ரீன் நம்ம கம்பெனில வரக்கூடாதுன்னு சாஹிப் போன மாசமே எடுக்கச் சொல்லிட்டாரு. தோத்தா வேற கிரகத்துலருந்து ஆளலாம்."

அம்மா தேவகிருபை கம்பெனிக்கு நேரிலேயே வந்தார். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, முப்பது வருஷம் டாக்டர்களையே அதட்டிய குரல். ஜெபராஜ் எழுந்து நின்று, "வாங்கக்கா, டீ சாப்புடுங்க" என்றார்.

"டீ வேணாம். பொண்ணோட சர்டிபிகேட்ட குடு."

"அக்கா, உங்களுக்குத் தெரியாததா. ஒரு வேல நடுவுல இருக்கறப்ப..."

"நாங்க ஆஸ்பத்திரில சாவக் கெடந்தவனையே பொழைக்க வச்சு வீட்டுக்கு அனுப்புவோம். பொழைக்கலன்னாலும் வீட்டுக்கு அனுப்பிடுவோம். யாரையும் நடுவுலயே வச்சிக்கினு இருக்க மாட்டோம். உன்னுது இன்னா எடம்?"

சத்தம் கேட்டு சாஹிப்பே வந்தார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் இதில் கஷ்டம். கைகூப்பி உட்காரச் சொன்னார். "அம்மா, உங்க பொண்ணு எங்க பொண்ணு. கேம் முடியட்டும், நானே கார்ல கொண்டாந்து உங்க வீட்ல குடுக்கறேன். இது என் வார்த்த. பையரும் அடுத்த வாரம் நேர்ல வர்றாரு. பாத்துட்டு ஆர்டர் குடுத்துட்டார்னா ஃபினிஷிங் எத்தினி நாளு? ரெண்டு நாளு." தேவகிருபை ஒரு வக்கீலிடமும் போனார். வக்கீல் பாண்டைப் படித்துவிட்டு, நன்றாக எழுதியிருக்கிறார்கள் என்று பாராட்டினார்.

பையர் வரும் நாள் செவ்வாய்க்கிழமை. சரிபார்ப்பு வெள்ளிக்கிழமை. நடுவில் இரண்டு நாள் இருந்தது. ரெனிட்டா நவீன்குமாரிடம் கெஞ்சினாள். அவனும் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அவள் கம்பெனிக்கு வருவதற்குள் யாருக்கும் தெரியாமல் ஒரு முடிவு செய்து வைத்திருந்தான். பெரிதாக ஒன்றும் இல்லை. முதலில் கிளம்பிய அந்தச் சின்னக் கப்பல் எல்லா நட்சத்திரங்களையும் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும், விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும், 'முற்றும்' என்று எழுத்து விழும். ரெனிட்டா அதை மூன்று தடவை ஓடவிட்டுப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "பையர் இதப் பாத்தார்னா உடனே ஓகே சொல்லிடுவாரு" என்றாள்.

செவ்வாய்க்கிழமை இத்தாலிக்காரர் வந்தார். மாலை போட்டார்கள். மொழிபெயர்க்க ஜெபராஜ் பக்கத்தில் உட்கார்ந்தார். சும்மா ஐந்து நிமிஷம் பார்ப்பதற்காக உட்கார்ந்த பையர், கப்பலை நகர்த்தப் பார்த்தார். கேட் பாஸ் கேட்டது. எழுதினார். முத்திரை கேட்டது. போட்டார். டீ நேரம் என்றது. காத்திருந்தார். ஒரு விண்ணப்பம் வந்தது. 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார். ஜெபராஜ் ஆங்கிலத்தில் முக்கால் மணி நேரம் விளக்கினார். பையருக்கு மெல்ல மெல்ல முகம் மாறியது. மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் கையைக் காட்டி நிறுத்தினார். மாலையில் டேனரி சங்கு ஊதியபோதும் அவர் லைனிங் கிரகங்களைப் பி செலக்‌ஷனுக்கு உயர்த்த மேல்முறையீடு எழுதிக்கொண்டிருந்தார்.

கடைசியாக எழுந்து சாஹிப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். ஜெபராஜ் மொழிபெயர்த்தார்: "உலகத்துல எத்தினியோ கேமு பாத்துட்டாராம். எல்லாத்துலயும் நடு வந்தா எழுந்து போய்டணும்னு தோணுமாம். இதுல எழுந்து போவவே முடியலயாம். இந்த மாதிரி எங்கயும் பாத்ததில்லயாம்."

சாஹிப் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரெனிட்டா முன்னால் வந்தாள். "சார், முடிவும் ரெடியா இருக்குது. காட்டட்டுமா?"

சின்னக் கப்பல் திரும்பி வந்தது. விளக்குகள் அணைந்தன. 'முற்றும்.' பையர் மின்சாரம் பட்டவர் போலக் கையை உதறினார். வேண்டாம், வேண்டாம். முடிந்தால் ஆடுகிறவன் எழுந்து போய் வேறு விளையாட்டை வாங்குவான். முடியாவிட்டால் மாதாமாதம் பணம் கட்டுவான். இவர்களும் மாதாமாதம் புதிதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டே இருக்கட்டும். இதை இப்படியே எடுத்துக்கொள்கிறேன், ஒருபோதும் முடிக்காதீர்கள் என்றார்.

சாஹிப்புக்கு முதலில் புரியவில்லை. "ஃபினிஷிங்கே வேணாமா?" என்று இரண்டு தடவை கேட்டார். புரிந்ததும் அன்றைக்கே எல்லாருக்கும் மைசூர்பாகு வரவழைத்தார். நின்றுகொண்டே பேசினார்.

"எங்க வாப்பா காலத்துலருந்து நாங்க கிரஸ்ட்ட அடுக்கி வச்சு, பையர் எப்ப வருவான், எப்ப கலர் சொல்லுவான்னு காத்துக்கினே இருந்தோம். பாதி வாழ்க்க காத்திருந்தே போச்சு. இன்னிக்கு அல்லா கண்ண தொறந்துட்டான். கிரஸ்ட்டாவே விக்கலாம்! காத்திருக்கறதையே விக்கலாம்! இனிமே நம்ம கிட்ட எதுவும் முடியாது. உங்க யாருக்கும் வேல போவாது. உங்க புள்ளைங்களும் இங்கயே வேல செய்யலாம்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. முடிவு செக்‌ஷனின் பூட்டைத் திறந்து, பிளாஸ்டிக் உறைகளைக் கிழித்து, வாசலில் 'நடு செக்‌ஷன் – பி' என்று பலகை மாட்டினார்கள். நவீன்குமாரை அவன் எழுதிய முடிவை அழிக்கச் சொன்னார்கள். அவன் அழித்தான். கையில் மைசூர்பாகை வைத்துக்கொண்டு ரெனிட்டா சாஹிப்பின் முன்னால் போய் நின்றாள்.

"சார், என் சர்டிபிகேட்?"

"நான் மறக்கலம்மா" என்றார் சாஹிப், பாசமாக. "கேம் முடிஞ்சவுடனே."

வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்கும் காட்பாடியில் பாசஞ்சர் ஏறித்தான் ரெனிட்டா ஆம்பூருக்கு வந்தாள். எதிர்ப் பிளாட்பாரத்தில் சென்னை வண்டி நின்றிருந்ததை அவள் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று வைராக்கியமாகத் தரையையே பார்த்துக்கொண்டு வந்தாள். அம்மா காலையில் டிபன் பாக்ஸைக் கட்டிக் கொடுத்திருந்தார். மாடியேறி, பையை மாட்டி, கம்ப்யூட்டரைப் போட்டாள். பையர் கேட்டுக்கொண்டபடி அவள் ஒரு நாளில் முடிக்க வேண்டிய உற்பத்தி அளவு இரட்டிப்பாகியிருந்தது. எல்லாக் கிரகங்களும் அடுத்து என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தன. அவள் பதில் சொன்னாள். கேட் பாஸ் எழுதினாள். இரண்டு கிரகங்களை லைனிங்குக்குத் தள்ளினாள். அழக்கூடாது என்று நினைத்தால் வேலை வேகமாக நடக்கும் என்பதை அவள் அன்றைக்குக் கண்டுபிடித்தாள். மத்தியானத்துக்குள் எப்போதையும்விட ஜாஸ்தி முடித்திருந்தாள்.

விண்ணப்பங்கள் வரிசையாக வந்தன. உற்பத்தி குறையக் கூடாது. அவள் படிப்பதை நிறுத்தி நாளாகிவிட்டது. பார்க்கலாம். பார்க்கலாம். பார்க்கலாம்.

கடைசியாக ஒன்றை அழுத்திய பிறகுதான் கண்ணில் பட்டது. கிரகத்தின் பெயர் ஜோலார்பேட்டை. வேறு நட்சத்திரத்தில் வேலை கிடைத்திருக்கிறது, இன்றைக்குள் போய்ச் சேராவிட்டால் மறு வாய்ப்பு கிடையாது, தயவுசெய்து விடுவிக்கவும் என்று எழுதியிருந்தது.

ரெனிட்டா பதறிப்போனாள். அழுத்தியதைத் திரும்ப எடுக்க என்னென்னவோ அழுத்திப் பார்த்தாள். எழுந்து, தடுப்புக்கு மேலே எட்டி, "நவீன், நவீன், தெரியாம பார்க்கலாம் குடுத்துட்டேன், அந்த ஆள விடணும், எப்படி மாத்தறது?" என்று கத்தினாள்.

"மாத்த முடியாது. அடுத்த வெர்ஷன்ல பாக்கலாம்" என்றான் அவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் பின்னால் வந்து நின்ற ஜெபராஜ் அன்றைய உற்பத்தி எண்ணைப் பார்த்துவிட்டு, இப்போதுதான் உனக்கு வேலை பிடிபட்டிருக்கிறது என்று மனதாரப் பாராட்டினார். அப்போது டீ நேரம். அண்டம் முழுவதும் கப்பல்கள் நின்றன. ஜன்னலுக்கு வெளியே சென்னைப் பக்கம் போகும் ஒரு வண்டி மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அதன் சத்தம் அடங்கும்வரை ரெனிட்டா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு டீயைக் குடித்துவிட்டு, 'அடுத்த சுற்று' என்பதை அழுத்தினாள்.